மறுசோறு

ஒரு கல்யாணச் சமையல் நன்றாக அமைந்ததா என்பதை அப்பா யாருடைய பாராட்டை வைத்தும் முடிவு செய்ய மாட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு புகழ்ந்தாலும் தலையை ஆட்டிவைப்பதோடு சரி. கடைசிப் பந்தி எழுந்ததும் பரிமாறிய பையன்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ரசத்துக்கு எத்தனை பேருலே மறுசோறு கேட்டான்?"

சாம்பாருக்கு மறுசோறு கேட்பது அவர் கணக்கில் வராது. அது பசி கேட்பது. ரசம் வரும்போது வயிறு ஏறக்குறைய நிறைந்திருக்கும். அதற்குப் பிறகும் ஒருவன் சோற்றுக்காரனை நிறுத்தி இலையைக் காட்டுகிறான் என்றால், கேட்பது வயிறு இல்லை, நாக்கு. அந்த எண்ணிக்கைதான் அப்பாவுக்கு வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சமையல்காரரைத் தவசுப்பிள்ளை என்போம். அப்பா நாற்பது வருஷம் தவசுப்பிள்ளையாக இருந்தார். பக்காப் படி அரிசி பத்துப் பேருக்கு என்பதில் தொடங்கி, அவியலுக்கு எந்தக் காயை எந்தக் கனத்தில் நறுக்குவது என்பதுவரை எல்லாமே அவருக்கு மனக்கணக்குத்தான். கோட்டை அடுப்பின் முன்னால் விடிய விடிய நிற்பவருக்குச் சாப்பாடு இறங்காது. "புகையிலேயே வயிறு நிறைஞ்சிரும்" என்பார். எல்லாப் பந்தியும் முடிந்தபின் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து ஒரு செம்பு மோர் குடிப்பார். 1978-ல் ஒரு கல்யாணத்துக்கு அவர் வாங்கிய கூலி 75 ரூபாய்.

அந்த 75 ரூபாய் எனக்கு நினைவுக்கு வந்த இடம்தான் விசித்திரமானது. சென்னையில், மெல்லிய விளக்கொளியில், மேசை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாத ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். 36 வருஷ வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றதற்காக மகள் கொடுத்த விருந்து. அங்கே 'என்ன வேண்டும்' என்று யாரும் கேட்பதில்லை. மெனு அட்டை கிடையாது. பதினொரு உருப்படி, ஒன்றன்பின் ஒன்றாக, அவர்கள் தருவதுதான். இருவருக்கும் வரியோடு சேர்த்து 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதை மகள் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் வந்தது ஒரு பணியாரம், பெரிய நெல்லிக்காய் அளவில். அதை வைத்திருந்த கருங்கல் தட்டு பணியாரத்தைவிட நாற்பது மடங்கு பெரியது. அடுத்து, பீங்கான் கரண்டி ஒன்றில் பச்சை நிறத்தில் ஒரு கோளம். "சார், இதை முழுசா ஒரே வாய்ல போட்டுக்கணும். கடிச்சா சட்டையில கொட்டிரும்" என்றான் பரிமாறிய பையன். போட்டேன். நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் அது உடைந்தது. மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள். பள்ளிக்கூட வாசலில் கீற்றுப் போட்டு விற்கும் அதே மாங்காய், கடிக்கப் பல்லுக்கு எதுவும் இல்லாமல், வாய் நிறையச் சாறாக. சிரித்துவிட்டேன். சாப்பாடு என்னைச் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை.

இதன் சூத்திரம் கடினமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாற்றில் கால்சியம் உப்பைக் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைத்த தண்ணீரில் கரண்டியால் மெல்ல இறக்கினால், இரண்டும் தொடுகிற இடத்தில் மட்டும் மெல்லிய தோல் கட்டும். உள்ளே சாறு சாறாகவே இருக்கும். இதை உலகச் சமையலறைகளுக்குப் பழக்கியவர் ஃபெரான் அட்ரியா. ஸ்பெயினில், கத்தலோனியக் கடற்கரையில் ரோசஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வளைகுடாவில் இருந்த 'எல் புல்லி' உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். பதினேழு பதினெட்டு வயதில், விடுமுறைக்குப் போகப் பணம் சேர்ப்பதற்காக ஒரு ஓட்டலில் தட்டு கழுவத் தொடங்கியவர். 2005-ல் அவர் செய்த 'திரவ ஆலிவ்' பார்க்க ஆலிவ் காய், வாயில் போட்டால் ஆலிவ் சாறு. நான் விழுங்கிய மாங்காய் அதன் தூரத்துப் பேத்தி.

எல் புல்லியில் ஒரு ராத்திரிக்கு ஒரே பந்தி, ஏறக்குறைய ஐம்பது பேர். வருஷத்தில் பாதி நாள் கடையை மூடிவிட்டு அடுத்த வருஷத்துக்கான புது உருப்படிகளைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பருவத்தில் சாப்பிட முடிந்தவர்கள் சுமார் 8,000 பேர். இடம் கேட்டவர்கள் இருபது லட்சம் என்று சொல்லப்பட்டது. வந்தவருக்கு முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் வரும்.

முப்பது உருப்படி! எனக்குப் பதினொன்றில் ஐந்தாவதிலேயே பசி போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டதாக நண்பர்கள் கதை சொல்வார்கள். நானும் அதை எதிர்பார்த்துத்தான் போனேன். உண்மையில் அப்படி இல்லை. சிறு துளி என்பார்களே, அதுபோல ஐந்தாவது தட்டில் வயிறு 'ஆச்சு' என்றது. மீதி ஆறு இருக்கிறது. அவை எதற்கு?

யோசித்தபோதுதான் புரிந்தது: இந்தக் கலையே அங்கேதான் தொடங்குகிறது. பசி முடிந்த இடத்தில். கலிபோர்னியாவில் யவுண்ட்வில் என்ற சிற்றூரில் 1994-ல் 'பிரெஞ்ச் லாண்ட்ரி' உணவகத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய தாமஸ் கெல்லர் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறார். எந்த உணவும் முதல் சில வாய்களில்தான் முழுச் சுவை தரும், பிறகு நாக்குக்கு அது பழகிப்போகும். ஆகவே 'இன்னும் ஒரு வாய் இருந்திருக்கலாமே' என்று தோன்றும் இடத்தில் தட்டு காலியாகிவிட வேண்டும். அதாவது சாப்பிடுகிறவன் வாயில் 'போதும்' என்ற சொல் ஒரு தடவையும் வராதபடி விருந்தை அமைப்பது.

நம் பந்தி இதற்கு நேர்த் தலைகீழ். அங்கே எல்லா ஏற்பாடும் அந்த ஒரு சொல்லை வாங்குவதற்காகத்தான். காசும் நகையும் நிலமும் எவ்வளவு கொடுத்தாலும் மனுஷன் போதும் என்று சொல்ல மாட்டான், சோறு ஒன்றுதான் அவனைச் சொல்லவைக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். பந்தி விசாரிக்கிற பெரியவர் வரிசையாக நடந்து வருவார். இலையின் மேல் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வைத்து, 'போதும், போதும்' என்று கெஞ்சுகிறவனைப் பார்த்தால்தான் அவருக்கு முகம் மலரும். கையை விலக்கி இன்னொரு கரண்டி விழும். போதும் என்ற சொல்லைப் பிடுங்கி வாங்குவது பந்தி. அந்தச் சொல் வரும் முன்பே தட்டை எடுத்துவிடுவது இந்த விருந்து.

இதில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. தவசுப்பிள்ளை மகன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது தெரிந்ததுதானே. ஆனால் அப்பா என்னைச் சாயவிடவில்லை. அவர் சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது: "பசிச்சு வாறவனுக்கு யார் வேணும்னாலும் சமைச்சிரலாம். பசியாறினவனை இலையை மூடாம உக்கார வைக்கதுதான்லே வேலை." அப்பா ரசத்தில் போட்ட கணக்கும் அட்ரியா ஆலிவில் போட்ட கணக்கும் ஒன்றுதான். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: பசி தீர்ந்தபிறகு என்ன?

அந்தக் கேள்வி அன்று என்னையே நேராகப் பார்த்தது. 36 வருஷம் நான் ஓடியது பசிக்காகத்தான். சோற்றுப் பசி மட்டுமில்லை. வீட்டுக் கடன், அம்மாவின் மருந்து, மகள் படிப்பு, தங்கை கல்யாணம். ஒவ்வொன்றும் வயிற்றில் கல்லைக் கட்டியதுபோல் இழுத்துக்கொண்டு போனது. அதெல்லாம் சாம்பார்ச் சோறு. அள்ளி அள்ளி விழுங்கினேன், ருசி பார்க்க நேரமில்லை. இப்போது ஓய்வூதியம் வருகிறது. கடன் இல்லை. காலையில் எழுந்தால் போக வேண்டிய இடம் இல்லை. என் இலையில் இப்போது ரசம் நடக்கிறது. இலையை மூடிவிட்டு எழுந்திருப்பதா, உட்கார்ந்திருப்பதா? நண்பர்கள் பலர் மூடிவிட்டார்கள். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, எதைப் பார்த்தாலும் 'அந்தக் காலத்துல' என்கிறார்கள். சிலர் சாம்பாரையே திரும்பக் கேட்கிறார்கள்: இன்னொரு மனை, இன்னொரு வைப்புநிதி. பசி இல்லாதபோதும் பசித்தவன்போலச் சாப்பிடுவது.

ஏழாவதாக ரசம் வந்தது.

இரண்டு விரலால் பிடிக்கும் அளவில் ஒரு கண்ணாடிக் கோப்பை. உள்ளே இளம் தேன் நிறத்தில், அடி தெரியும்படி தெளிந்த நீர். ஒரு பருப்பு இல்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை. தக்காளியை அரைத்து மெல்லிய துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவார்களாம். பிழிந்தால் கலங்கிவிடும் என்பதால் யாரும் கை வைப்பதில்லை. தானாகச் சொட்டியதை மட்டும் எடுத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, மணம் இறங்கியதும் வடிகட்டிவிடுகிறார்கள். கோப்பையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது பெருங்காயம் முதலில் வந்தது, கொஞ்சம் பின்னால் மிளகு. பார்த்தால் தண்ணீர், மணத்தால் ரசம். ஒரு மடக்கில் முடிந்துவிட்டது. காரம் தொண்டையில் இறங்கி, நின்று, மெதுவாகக் காதுவரை ஏறியது.

பந்தியில் ரசத்தை உள்ளங்கை குவித்து வாங்கிக் குடிப்போம். பெரிய மனுஷர்கள்கூட, முழங்கை வழியே ஒழுகினாலும் கவலைப்படாமல். அந்தக் கோப்பைக்குள் இருந்தது சரியாக ஓர் உள்ளங்கைதான்.

தட்டை எடுக்க வந்த பையனிடம் சொன்னேன்: "தம்பி, இது இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அவன் கை நின்றுவிட்டது. மகள் மேசைக்கடியில் என் காலைத் தொட்டாள். "அப்பா, இங்கெல்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்கப்பா." பையன் "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போனான். ஒரு நிமிஷம் ஐந்தாயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் வந்தார், கையில் அதே கோப்பை. முகத்தில் மரியாதை, கண்ணில் கவலை.

"ஏதாவது குறையா சார்?"

"குறைன்னா மறுபடியும் ஏன் தம்பி கேக்கப் போறேன்?"

பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "சாருக்குத் திருநெல்வேலியா?" அவருக்குச் சங்கரன்கோவில் பக்கம். பிறகு அவர் பேச்சும் ஊர்ப்பேச்சாகிவிட்டது. "இந்த ரசம் போட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு சார். எல்லாரும் படம் எடுக்காங்க. நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. இன்னும் வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"கேக்கலாமான்னு தெரியாதுல்லா" என்றேன். அப்பாவின் ரசக் கணக்கை அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். போகத் திரும்பியவரிடம், எங்கள் வீட்டுப் பழக்கத்தில், வாய் தானாகக் கேட்டுவிட்டது: "நீங்க சாப்ட்டாச்சா?"

"சாயங்காலம் அஞ்சரைக்கே ஆயிரும் சார். எல்லாரும் சேர்ந்து உக்காருவோம். இன்னைக்குப் புளிக்கொழம்பும் முட்டையும்."

எனக்கு என்னவோ அதைக் கேட்டதும் மனசு ஆறியது. எல் புல்லியிலும் அப்படித்தான். ராத்திரி விருந்துக்கு முன்னால் சமையலறை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அட்ரியா 2011-ல் அதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 31 நாள் சாப்பாடு. ஒவ்வொன்றும் இரண்டு பேருக்குச் செய்தால் எவ்வளவு, 75 பேருக்கென்றால் எவ்வளவு என்ற அளவோடு. அதில் கோள வித்தை இல்லை. சாலட், பர்கர், உருளைக்கிழங்கு வறுவல் மாதிரியான சாப்பாடு. உலகத்தின் வியப்பையெல்லாம் சமைத்தவர்கள், தங்கள் பசிக்குச் சமைத்துக்கொண்டது வீட்டுச் சாப்பாடு. ஒரே சுவருக்குப் பின்னால் இரண்டு சமையல். பசிச் சமையல் இல்லாமல் வியப்புச் சமையல் நடக்காது.

அந்த வியப்புச் சமையல் எப்போதும் நேர்மையாக நடந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கோபன்ஹேகனில் ரெனே ரெட்செபியின் 'நோமா', உலகின் மிகச் சிறந்த உணவகம் என்று பலமுறை பெயர் வாங்கியது. அங்கே பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதே 2022-ல்தான். அடுத்த ஜனவரியில், இந்த முறையில் உணவகம் நடத்துவது கட்டுப்படியாகாது என்று ரெட்செபியே அறிவித்தார். எல் புல்லியும் பல வருஷம் சாப்பாட்டில் நஷ்டம்தான் பார்த்தது. புத்தகங்களும் உரைகளும் ஈடுகட்டின. அங்கும் சம்பளமில்லாத இளைஞர்களின் கை நிறைய இருந்தது. வியப்பு எங்கே விற்கப்பட்டாலும், அதன் அடியில் யாருடைய பசியோ அடுப்புக் கல்லாகக் கிடக்கிறது. 75 ரூபாயின் மகனுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. எச்சில் இலை எடுத்த கிழவிக்கு அப்பா எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துக்கொண்டேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. அவனை மடக்க இந்திரன் செய்தது பெரிய மாயம் எதுவும் இல்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்தான். விளைச்சல் பெருகியது. பசித்து வருகிறவர் ஒருவர்கூட இல்லை. பாத்திரம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறிப் போனவன் ஆளில்லாத தீவில் தனித்துவிடப்பட்டு, கடைசியில் அந்தப் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டான். சின்ன வயதில் இந்தக் கதை எனக்குப் புரியாது. பசி இல்லாமல் போவது நல்லதுதானே, அதற்கு ஏன் வருத்தம்? இப்போது ஓரளவு புரிகிறது. பசியை மட்டுமே அறிந்த பாத்திரத்துக்குப் பசி தீர்ந்த ஊரில் வேலை இல்லை. 36 வருஷம் நானும் அப்படி ஒரு பாத்திரமாகத்தான் இருந்திருக்கிறேன்.

இன்றைக்கு நம் ஊர் முழுவதும் மழை பெய்துவிடவில்லை. என் மகள் இருக்கும் அடுக்குமாடியில் பெய்திருக்கிறது, அதன் காவலாளி வீட்டில் இல்லை. ஆகவே ஆபுத்திரனுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் மழை பெய்த வீட்டில் இருக்கிறவனும் ஏதோ ஒன்று செய்துதான் ஆகவேண்டும். வாரிக் குவிக்கலாம். அல்லது ஒரு வாய் ரசத்தைத் தொண்டையில் நிறுத்திக் கவனிக்கலாம். கவனிக்கப் பழகினவன் சமைத்தவனையும் கவனிப்பான், அவன் சாப்பிட்டானா என்று கேட்பான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. தப்பாகவும் இருக்கலாம். அந்தக் கூடத்தில் ருசியறிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; பரிமாறியவனை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு.

அட்ரியா 2011 ஜூலை 30 அன்று கடைசி விருந்தைப் பரிமாறிவிட்டு எல் புல்லியை மூடினார். இடம் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே. அதுவரை அந்தச் சமையலறை உருவாக்கியவை 1,846 உருப்படிகள் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். கடைசி உருப்படி, பிரெஞ்சுச் சமையலின் பிதாமகர் எஸ்கோஃபியேவின் பீச் மெல்பாவை அடியொற்றியது. எஸ்கோஃபியே பிறந்த வருஷமும் 1846. இன்று அந்த இடம் அதே எண்ணைப் பெயரில் தாங்கிய அருங்காட்சியகம். வந்தவர் யாரையும் 'போதும்' சொல்லவிடாத மனுஷர், தான் மட்டும் சரியான நேரத்தில் சொல்லிவிட்டார்.

பதினோராவது தட்டும் முடிந்தது. மகள் பில்லை என் கண்ணில் படாமல் கவிழ்த்து வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் பார்க்காததுபோல் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இந்தக் காசுக்கு நான் ஒரு தெருவுக்கே இலை போட்டிருப்பேன்" என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். அப்புறம், கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தக்காளியை எவ்வளவு நேரம் தொங்கவிட்டார்கள் என்று கேட்டிருப்பார்.

வெளியே வரும் வழியில் சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே வெள்ளைச் சட்டைகள் குனிந்த தலையோடு நகர்ந்துகொண்டிருந்தன. சங்கரன்கோவில்காரர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வலது கையைத் தூக்கி ஒற்றை விரலைக் காட்டினார்.

"என்னப்பா சொல்றாரு?" என்றாள் மகள்.

"கணக்கு சொல்லுதாரு" என்றேன்.